மீளப் பிடிபடாதவை

முதல்நாள் பொறி வைத்த இடமெல்லாம்
அடையாளத்துக்குச் சிவப்பு நாடா கட்டினேன்.
விடிய, முத்தையன்கட்டு இடதுகரையில்
ஒரு மாடுகூட அந்தப் பக்கம் சாய்க்கப்படவில்லை.
அருவி வெட்ட வந்தவர்கள் சுற்றிப் போனார்கள்
அரை மைல், வெயிலில், ஒன்றும் கேளாமல்.
"பிள்ளை, உந்த நிறத்தை மாத்தும்" என்றார்
மிசின்காரத் தவநேசன்.
ஒட்டுசுட்டான் கடையில் மிச்சம் கிடந்தது
பிறந்தநாள் ஊதா.
அதைக் கட்டினேன். மாடுகள் வந்தன.

நாற்பத்தொன்பது பொறி.
ஏழுக்கு ஏழு, பத்து மீற்றர் இடைவெளி.
வறுத்த தேங்காய்ச்சொட்டு, கிள்ளிப் போட்ட நெத்தலிக் கருவாடு.
மொறகோறோவில் நிலக்கடலையும் சோளமாவும் வைத்தோம்.
அங்கே சோளத்துக்குள் பிடிபட்டவளுக்கு
வயிற்றில் இரண்டு நிரை முலைகள்,
சட்டைக்குப் பொத்தான் தைத்தது போல.
எண்ணி முடிக்குமுன் கையைக் கடித்தாள்.
மழை முந்தினால் எலி பெருகும்,
எலி பெருகினால் ஆறு மாதத்தில் பசியும் காய்ச்சலும் என்று
கிபொண்டே மழைமானியைப் பார்த்தபடி சொல்வார்.

இங்கே அகிழான்.
கனத்தவன். வரம்பைக் குடைந்து
கதிர் கதிராய் உள்ளே அடுக்குகிறவன்.
அவன் சிறுநீரகத்தில் ஒரு கிருமி
வாடகை கொடாமல் குடியிருக்கிறது.
அவனுக்கு ஒன்றுமில்லை.
அவன் மூத்திரம் ஊறிய தண்ணீரில்
வெடித்த குதிக்காலோடு நிற்கிறவனுக்குத்தான்
கண் சிவக்கிறது, கெண்டைக்கால் நோகிறது,
பிறகு மூத்திரம் நின்று போகிறது.
போன மார்கழியில் தவநேசனின் தம்பிக்கு
முதலில் டெங்கு என்று எழுதினார்கள்.
தப்பிவிட்டார். இப்போது எனக்குப் பொறி தூக்க வருகிறார்.
அகிழானைக் கண்டால் "கடன்காரன்" என்கிறார்.

வாய்க்காலுக்கு அங்கால் பிடிபடுவதை நாங்கள் விடுவதில்லை.
அதைக் கூடாரத்துக்குள் நான் தனியே செய்வேன்.
இங்கால் பிடிபடுவதற்குக் காதில் தகடு,
நிறுவை, பிறகு விடுதலை.
இராசமலர் அக்கா கொப்பியில் பதிவார்:
நாற்பத்தேழு. பெண். நூற்றெண்பது கிராம். வால் அறுந்தது.
தகடு குத்தும்போது முகம் திருப்புவார்,
எழுத்து மட்டும் அச்சு.

தகட்டோடு திரும்பி வருகிறவற்றை வைத்து
வயல் முழுக்க எத்தனை என்று கணக்கிடுவோம்.
கண்ணில் படாததுக்கு எண் போடுகிற வேலை இது,
சம்பளத்தோடு.

ஐந்தாம் இரவு கழிந்த காலையில் அக்கா கேட்டார்,
"வராததுக்கு என்னெண்டு போடுறது?
செத்திட்டுதெண்டோ?"
"இல்லையக்கா. செத்ததை நாங்கள் காணேல்லையே.
பிடிபடேல்லை எண்டு போடுங்கோ.
வேற வயலுக்குப் போயிருக்கும். பொறிக்குப் பயந்திருக்கும்.
ஆந்தை எடுத்துமிருக்கும்.
தெரியாததைத் தெரியுமெண்டு எழுதினா
முழுக்கணக்கும் பிழைச்சுப்போம்."
"ஆர் உமக்கு உதைப் படிப்பிச்சது?"
"ஆபிரிக்காவில ஒரு மனுசன்."

அக்கா பேனையை உள்ளே வைத்துக் கொப்பியை மூடினார்.
"அந்தாளை ஒருக்காக் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு வாரும்.
எத்தினை வரியமா
எனக்கொரு கடதாசி தர நிக்கிறாங்கள்."

நான் கேட்கவில்லை.
அவரும் அதற்குமேல் சொல்லவில்லை.
வரம்பில் பனி இன்னும் காயவில்லை,
சப்பாத்துக்குள் தண்ணீர்,
வாரத்துக்கொருக்கா போடும் குளிசையை
நான் நேற்று மறந்துபோனது ஞாபகம் வந்தது.

முப்பத்திரண்டாம் பொறி மூடிக் கிடந்தது.
தூக்கினார். பாரம்.
"தகடு இருக்கோ பாரும்."
பைக்குள் கவிழ்த்தேன்.

தவளை.
இருவரும் சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே.
அதை வாய்க்காலில் விட்டுவிட்டு வந்து
கொப்பியைத் திறந்து
அதையும் எழுதினார்:
தவளை, ஒன்று, உயிரோடு,
காலை ஆறு நாற்பது.